கல்யாணப் போட்டோகிராபர் கட்டணத்தை ஏற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சொந்தமாகக் கல்யாணப் போட்டோ, வீடியோ எடுத்துப் பிழைக்கும் நம் ஆட்களுக்காக எழுதியது இது. கட்டணத்தை எப்போது ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது, எப்படிச் சொல்வது என்று தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். கீழே வரும் தொகைகள் கணக்குக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்த் தொகைகளை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஏற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

தொகையைச் சொன்னதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் யோசிக்காமல் "சரி, அட்வான்ஸ் எவ்வளவு அனுப்பணும்?" என்று கேட்டால், அந்த நேரம் எப்போதோ வந்துவிட்டது. வளர்பிறை முகூர்த்தங்கள் எல்லாம் ஆறு மாதம் முன்பே நிரம்பிவிடுகின்றன, பிறகு அழைப்பவர்களை நண்பர்கள் பக்கம் திருப்பிவிடுகிறீர்கள் என்றாலும் அதேதான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. மாசி முடியும்போது நாலு வீட்டு ஆல்பம் பாக்கி, இரண்டு வீட்டு வீடியோ பாக்கி, போன் அடித்தால் எடுக்கவே தயக்கம், ஆனால் கேமரா தவணை கட்டக் கையில் பணம் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் "இன்னும் ரெண்டு கல்யாணம் பிடிச்சாச் சரியாயிடும்" என்று நினைக்கிறார்கள். சரியாகாது. குறைந்த கட்டணத்தில் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு கல்யாணமும் பாக்கி வேலையைத்தான் பெருக்கும்.

விலைவாசியையும் மறக்க வேண்டாம். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 2019இல் வாங்கிய 50,000 ரூபாய்க்கு 2025இல் 67,000 ரூபாய் வாங்கினால்தான் அதே மதிப்பு. ஆறு வருடமாக அதே ஐம்பதில் நிற்பவர் ஆண்டுதோறும் தன் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறார். அதை அவர் யாரிடமும் அறிவிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வாங்கும் கட்டணத்தில் எனக்கு உண்மையில் எவ்வளவு நிற்கிறது?

எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இதுதான். ஆனால் கடைசியாகத்தான் கேட்கிறார்கள்.

நம் ஊர்க் கல்யாணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். வாங்கும் தொகை 60,000 ரூபாய். கூட வரும் கேண்டிட் (போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும்) போட்டோகிராபருக்கு 10,000. வீடியோ எடுப்பவருக்கு 12,000. 12×36 அங்குல ஆல்பம் அச்சுக்கு 9,000. வீடியோ எடிட்டிங்கை வெளியே கொடுத்தால் 7,000. வண்டி, சாப்பாடு, ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்த்து 3,000. ஆக 41,000 வெளியே போய்விடும். மீதி 19,000.

இத்தோடு கணக்கை மூடிவிடுவதுதான் வழக்கம். ஆனால் அந்த 19,000இல் உங்கள் கேமராவின் பங்கு இருக்கிறது. பாடி, லென்ஸ், பிளாஷ், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 4 லட்சம் போட்டிருக்கிறீர்கள், நாலு வருடம் உழைக்கும், வருடத்துக்கு 25 கல்யாணம் என்றால், ஒவ்வொரு கல்யாணமும் அதற்கு 4,000 கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நாலு வருடம் கழித்துப் புதுக் கேமராவுக்குக் கடன்தான். ஆக, உங்கள் சம்பளம் 15,000.

இப்போது மணிக்கணக்கு. முதலில் பேசிய போன்கள், வீட்டாரைப் பார்க்கப் போனது 4 மணி நேரம். ரிசப்ஷனுக்குச் சாயங்காலம் 5 முதல் இரவு 11 வரை 6 மணி நேரம். மணப்பெண் அலங்காரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதால் முகூர்த்தத்துக்கு விடிகாலை 4 மணிக்கே நிற்கிறோம். பகல் 1 மணி வரை 9 மணி நேரம். போக வர 4. படங்களைப் பிரித்துக் கலர் பார்ப்பது 30. ஆல்பம் டிசைன் 12. "மாமா போட்டோ இன்னும் பெருசா வேணும்" வகைத் திருத்தங்கள் 5. மொத்தம் 70 மணி நேரம்.

15,000ஐ 70ஆல் வகுத்தால் மணிக்கு 214 ரூபாய்.

இந்தக் கணக்கை உங்கள் கடைசி மூன்று கல்யாணங்களுக்குப் போட்டுப் பாருங்கள். மனக்கணக்கு வேண்டாம், ஜிபே ஹிஸ்டரியைத் திறந்துவைத்துக்கொண்டு தாளில் போடுங்கள். கட்டணத்தை ஏற்றும் தைரியம் யாருடைய பேச்சைக் கேட்டும் வருவதில்லை. இந்தத் தாளைப் பார்த்ததும் வருகிறது.

25 சதவீதம் ஏற்றினால் பாதிப் பேர் போய்விடுவார்களே?

போகட்டும் என்று சொல்வதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். 60,000ஐ 75,000 ஆக்கினால் வெளியே போகும் 41,000 அப்படியேதான் இருக்கிறது. ஆல்பம் அச்சடிப்பவருக்கு நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பது பற்றி அக்கறை இல்லை. ஏறிய 15,000 முழுவதும் உங்களிடம் நிற்கிறது. உங்கள் சம்பளம் 15,000லிருந்து 30,000 ஆகிறது. கட்டணம் கால் பங்குதான் ஏறியது, சம்பளம் இரண்டு மடங்கு.

வருடக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பழைய கட்டணத்தில் 25 கல்யாணம், ஒவ்வொன்றிலும் 19,000 மீதி, மொத்தம் 4,75,000. புதிய கட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்கு 34,000 மீதி. 14 கல்யாணம் எடுத்தாலே 4,76,000 வந்துவிடுகிறது. அதாவது 11 வீட்டார் வேண்டாமென்று போனாலும் உங்கள் வருமானம் குறையவில்லை. ஒரு கல்யாணத்துக்கு 70 மணி நேரம் என்றால் 770 மணி நேரம் மிச்சம். அந்த நேரத்தில் ஆல்பத்தைச் சொன்ன தேதிக்குக் கொடுக்கலாம், பிள்ளைகளோடு இருக்கலாம், கம்பெனிகளுக்குப் படம் எடுக்கும் வேலை தேடலாம்.

இதையே தலைகீழாகவும் பாருங்கள். கல்யாண வீட்டார் 60,000இல் "ஒரு ஆறாயிரம் கொறச்சுக்கோங்க" என்கிறார்கள். அவர்களுக்கு அது பத்து சதவீதம். உங்கள் 15,000இல் அது 40 சதவீதம். தள்ளுபடி எப்போதும் உங்கள் பங்கிலிருந்துதான் போகிறது.

ஒரே அடியாக ஏற்றலாமா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

கணக்குப்படி மணிக்கு 214 ரூபாய் போன்ற மோசமான எண் வந்தால் ஒரே அடியாக 20 முதல் 30 சதவீதம் ஏற்றுங்கள். ஏற்கெனவே நியாயமான இடத்தில் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை 8, 10 சதவீதம் போதும். மாதாமாதம் ஆளைப் பார்த்து மாற்றுவது மட்டும் வேண்டாம். சித்தப்பா வீட்டுக்கு அறுபது, பெரியப்பா வீட்டுக்கு எழுபது என்றால் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள்.

எந்த மாதத்தில் ஏற்றுவது நல்லது?

ஆடியில். இந்து வீடுகளில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை, புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். ஆடியில் நமக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். உட்கார்ந்து கணக்குப் போட்டு, பட்டியலைத் திருத்தி, புதிய மாதிரி ஆல்பம் ஒன்றையும் அடித்துவைத்து, ஆவணி முதல் தேதியிலிருந்து வரும் புக்கிங்குகளுக்குப் புதிய கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசிக் கல்யாணங்களுக்கான விசாரிப்புகள் அதற்குப் பிறகுதான் மும்முரமாக வரும். உங்களுக்கு வரும் வீடுகள் பெரும்பாலும் கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகள் என்றால் தவக்காலத்தையும் ரமலானையும் அதே மாதிரிப் பயன்படுத்தலாம்.

தேதி பற்றி இன்னொன்று. ஒரு முகூர்த்தத்தில் ஒரு மண்டபத்தில்தான் நீங்கள் நிற்க முடியும். வைகாசி வளர்பிறை ஞாயிற்றுக்கிழமையைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டால் அந்த நாள் திரும்ப வராது. ஆகவே வளர்பிறை ஞாயிறுகளில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். இரக்கப்பட்டு யாருக்காவது குறைத்துக் கொடுக்க வேண்டுமென்றால் வாரநாள் தேய்பிறை முகூர்த்தங்களில் கொடுங்கள்.

அட்வான்ஸ் வாங்கியவர்களிடம் புதிய கட்டணம் கேட்கலாமா?

கூடாது. அவர்களுக்குச் சொன்ன சொல் சொன்னதுதான். கல்யாணம் எட்டு மாதம் தள்ளி இருந்தாலும் பழைய தொகைதான்.

பழைய வாடிக்கை வீடு; அக்கா கல்யாணம் எடுத்தேன், இப்போது தங்கைக்குக் கேட்கிறார்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நேரில் பார்க்கும்வரை வைத்திருக்காமல், தேதி கேட்டு அவர்கள் பேசிய அன்றே சொல்லிவிடுங்கள். அவர்கள் மனதில் பழைய தொகை இருக்கும். பெண் வீட்டார் செலவுப் பட்டியல் எழுதும்போது அந்தத் தொகையைத்தான் எழுதுவார்கள். எழுதிய பிறகு மாற்றினால்தான் மனக்கசப்பு.

வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்: "வணக்கம் அக்கா. தங்கச்சி கல்யாணத்துக்கும் எங்களையே கேட்டதுல ரொம்ப சந்தோஷம். உங்க கல்யாணம் எடுத்தப்ப 50,000 வாங்கினோம். இப்ப ரிசப்ஷன், முகூர்த்தம் ரெண்டும் சேர்த்து, ஆல்பத்தோட 75,000. அந்தத் தேதி இப்ப காலியா இருக்கு. வர்ற ஞாயிறு வரைக்கும் வேற யாருக்கும் குடுக்காம உங்களுக்காக வெச்சிருக்கேன். அப்பாகிட்ட பேசிட்டுச் சொல்லுங்க."

இதில் மன்னிப்பு இல்லை, பெட்ரோல் விலை பற்றிய புலம்பலும் இல்லை. பழைய தொகையை நாமே சொல்லிவிட்டோம், அதனால் "போன தடவை ஐம்பதுதானே" என்று அவர்கள் ஆரம்பிக்க வேண்டியதில்லை. பழைய வீட்டுக்கு ஏதாவது செய்ய ஆசையாக இருந்தால் தொகையில் கை வைக்காமல் பொருளாகக் கொடுங்கள்: பெற்றோருக்கு ஒரு சின்ன ஆல்பம், அல்லது பாட்டி படத்தைப் பெரிதாகப் பிரேம் போட்டு. ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும், பல வருடம் அந்த வீட்டுச் சுவரில் தொங்கும்.

சொந்தக்காரர்கள், நண்பர்கள்?

இரண்டே வழிதான். ஒன்று, முழுக் கட்டணம். இல்லையென்றால் மொய்யாக முழுவதும் இலவசம். கூடப்பிறந்தவர்கள், உயிர் நண்பர்கள் என்று யாருக்கெல்லாம் இலவசம் என்பதை நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். "உனக்காக முப்பதுக்குப் பண்ணித் தர்றேன்" என்ற பாதிவழிதான் உறவைக் கெடுக்கிறது. பணம் கொடுத்ததால் அவர்கள் கேள்வி கேட்பார்கள், குறைவாகக் கொடுத்ததால் நீங்கள் அந்த ஆல்பத்தைக் கடைசியாகத்தான் எடுப்பீர்கள்.

"கொஞ்சம் கொறச்சுக்கோங்க" என்பவரிடம் என்ன சொல்வது?

தொகையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். தாய்மாமா போன் பேசுகிறார்.

"தம்பி, எழுபத்தஞ்சுனு சொல்லிருக்கீங்க. ரவுண்டா அறுபதுக்கு முடிச்சுக்குவோம். அட்வான்ஸ் இன்னைக்கே போட்டுவிட்ருறேன்."

"அறுபதுக்கும் செஞ்சு தரலாம் சார். ஆல்பம் மட்டும் வராது. படம் எல்லாத்தையும் கலர் பார்த்து பென்டிரைவ்ல குடுத்துருவேன்."

"ஆல்பம் இல்லாம என்ன தம்பி கல்யாணம்?"

"அப்ப எழுபத்தஞ்சே இருக்கட்டும் சார். இல்லேன்னா இப்ப படம் மட்டும் எடுத்துக்குவோம், ஆல்பம் அப்புறமா எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம்."

இதற்கு மேல் பேசக் கூடாது. அவர் யோசிக்கட்டும். அந்த நாலு வினாடி மௌனம் தாங்காமல்தான் நம்மில் பலர் "சரி சார், உங்களுக்காக ஒரு எழுபது" என்று உளறிவிடுகிறோம். அப்படி ஒரு முறை இறங்கிவிட்டால், முதலில் சொன்ன எழுபத்தைந்து சும்மா சொன்னது என்றாகிவிடும். அடுத்து அறுபத்தைந்து கேட்பார். கேட்பதில் தப்பே இல்லை.

ஆல்பத்தை எடுத்தால் 15,000 குறைப்பது எப்படிச் சரி என்கிறீர்களா? அச்சுக்கு 9,000, உங்கள் 12 மணி நேரம் மிச்சம். அந்த 12 மணி நேரத்துக்கு 6,000 என்றால் மணிக்கு 500. உங்களுக்கு நஷ்டம் இல்லை. எதை எடுத்தால் எவ்வளவு குறையும் என்று இதே மாதிரி முன்பே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் போனில் தடுமாற மாட்டீர்கள்.

நான் ஒருபோதும் குறைக்கச் சம்மதிக்காத ஒன்று இருக்கிறது: இரண்டாவது கேமராக்காரர். தாலி கட்டும் நேரம் அரை நிமிடம். மேடையில் ஐயர், மாமன், அட்சதை போடும் கூட்டம், நடுவில் யாராவது ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்பார். ஒரே ஆள் நின்றால் அந்தப் படம் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பக்கத்துத் தெருவில் 35,000க்கு எடுக்கிறார்களே?

எடுக்கட்டும். மேலே போட்ட கணக்கை 35,000க்குப் போட்டுப் பாருங்கள். எங்கோ ஓர் ஆள் குறைந்திருக்கிறார், அல்லது ஆல்பத் தாள் மெலிந்திருக்கிறது, இல்லையென்றால் அவருக்குத் தன் கணக்கே தெரியவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் அந்தக் கட்டணம் நியாயமாகவும் இருக்கலாம். அவரும் பழக வேண்டும், அந்தத் தொகைதான் கொடுக்க முடியும் என்ற வீட்டுக்கும் படம் வேண்டும். அவரைப் பற்றி வாடிக்கையாளரிடம் குறையாகப் பேசாதீர்கள். "அவரும் நல்லா எடுப்பார் சார். எங்க வேலை இதுதான்" என்று முழு ஆல்பம் ஒன்றைக் கையில் கொடுங்கள். பத்து நல்ல படங்கள் இன்ஸ்டாகிராமில் எல்லாரிடமும் இருக்கிறது. ஒரே கல்யாணத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே தரமாகக் காட்டுவதுதான் வித்தியாசத்தைச் சொல்லும்.

என் வேலை அந்தத் தொகைக்குத் தகுதியானதுதானா என்று எனக்கே சந்தேகம்.

இந்தக் கேள்வியை நன்றாக வேலை செய்பவர்கள்தான் கேட்கிறார்கள். சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு கட்டணத்தைத் தீர்மானிக்காதீர்கள், இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, சொன்ன தேதிக்குக் கொடுக்கிறீர்களா? இரண்டாவது, போன வருடம் எடுத்த வீட்டிலிருந்து இந்த வருடம் யாரையாவது உங்களிடம் அனுப்பிவைத்தார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்க வேண்டாம். முதலாவதற்கு இல்லை என்றால் கட்டணத்தை ஏற்றுவதற்கு முன் பாக்கி ஆல்பங்களை முடியுங்கள். இதில் நான் கறாராகவே இருக்கிறேன். ஒன்றரை வருடமாக ஆல்பம் தராதவர் கட்டணத்தை ஏற்றினால் அது அவரை மட்டும் பாதிக்காது. "போட்டோக்காரங்களே இப்படித்தான்" என்ற பேச்சு நம் எல்லார் மீதும் விழும்.

கூட வரும் ஆட்களுக்கும் ஏற்ற வேண்டுமா?

ஆம். உங்கள் கட்டணம் ஏறிய அதே சீசனில் அவர்களுக்கும் ஏற்றுங்கள். 15,000 ஏறினால் அதில் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 1,500 போனாலும் உங்களுக்கு 12,000 நிற்கிறது. நல்ல வீடியோக்காரர் முகூர்த்த நாளில் வேறு ஒருவருக்குப் போய்விட்டால், அந்த நாளில் புது ஆளைத் தேடுவது பெரும்பாடு.

நான் பெண் போட்டோகிராபர். இரவு ரிசப்ஷன் முடிந்து திரும்புவதற்குக் தனியாகக் கார் செலவு கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

தனியாகக் கேட்காதீர்கள், கட்டணத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இரவு 11 மணிக்கு மேல் பாதுகாப்பாக வீடு திரும்புவது உங்கள் தொழில் செலவு. வெளியூர் என்றால் தங்குவதற்குத் தனி அறை என்பதைக் கொட்டேஷனில் முதல் வரியிலேயே எழுதுங்கள். மணப்பெண் அறையில் அலங்காரத்தின்போது படம் எடுக்கப் பெண் போட்டோகிராபரைத் தேடும் வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்த வீடுகள் உங்களைத் தேடி வரும்போது குறைவாகச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

கட்டணம் ஏறினால் ஜிஎஸ்டி வந்துவிடுமா?

வரலாம், ஆகவே ஏற்றுவதற்கு முன்பே பாருங்கள். சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: அந்த 20 லட்சம் கையில் நிற்கும் லாபமல்ல, வாங்கும் மொத்தத் தொகை. 75,000 வீதம் 26 கல்யாணம் என்றால் 19,50,000. இருபத்தேழாவது கல்யாணத்தில் 20,25,000.

பதிவுசெய்த பிறகு 18 சதவீதம். 75,000க்கு 13,500 சேர்ந்து 88,500 ஆகும். கம்பெனி என்றால் அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும்; கல்யாண வீட்டாரால் முடியாது, அவர்களுக்கு அது முழுச் செலவு. பதிவுக்குப் பிறகு நீங்கள் வாங்கும் கேமரா, லென்ஸுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நீங்களும் கழித்துக்கொள்ளலாம் என்பதால், பெரிய கொள்முதல் திட்டமிருந்தால் ஆடிட்டரிடம் பேசி நேரம் குறியுங்கள். 50 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு 6 சதவீதம் கட்டும் காம்போசிஷன் வழியும் இருக்கிறது. அதில் வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது, வாங்கிய பொருளுக்கான வரியைக் கழிக்க முடியாது, வெளிமாநில வாடிக்கையாளருக்கு வேலை செய்ய முடியாது. பெங்களூர்க் கல்யாணங்கள் வருபவர்களுக்கு இது சரிப்படாது.

பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று போட்டு வசூலிப்பது குற்றம். "பில் வேணாம், கொறச்சுக்குங்க" என்பவருக்கும் ஒரே பதில்: முடியாது சார்.

கம்பெனி வேலைகளுக்கும் இதே கணக்கா?

கொஞ்சம் வேறு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ ஒரு நகைக்கடைக்கோ பொருள்களைப் படம் எடுக்கும்போது, எத்தனை நாள் வேலை என்பதோடு அந்தப் படம் எங்கே, எவ்வளவு காலம் பயன்படப் போகிறது என்பதும் விலையில் சேரும். ஒரு வருடம் இணையதளத்தில் மட்டும் போடுவதற்கு ஒரு தொகை, ஊரெல்லாம் பேனர் வைப்பதற்கு வேறு தொகை.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமென்றால் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்க வேண்டும். உரிமையைப் பிறகு மாற்றிக் கொடுப்பதானாலும் எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இதே 17ஆவது பிரிவு கல்யாணத்துக்கும் பொருந்தும். மணமக்கள் படங்களை உங்கள் இன்ஸ்டாகிராமில் போடுவதற்கான அனுமதியைப் புக்கிங் படிவத்திலேயே ஒரு வரியாகக் கேளுங்கள்.

பணம் வரும்போது கம்பெனிகள் டிடிஎஸ் (நமக்குத் தரும் பணத்திலேயே முன்கூட்டிக் கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். தொழில்முறைக் கட்டணமாக எழுதினால், ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம். ஒப்பந்த வேலையாக எழுதினால் தனிநபருக்கு 1 சதவீதம். அது உங்கள் பேரில்தான் வரவாகிறது, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யலாம், மிஞ்சினால் திரும்ப வாங்கலாம். அதற்காகக் கட்டணத்தைக் குறைத்துப் பேச விடாதீர்கள்.

உதயம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) இலவசம், இன்றே செய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவுசெய்த குறு, சிறு தொழிலுக்கு எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில்லில் உதயம் எண்ணை அச்சிட்டாலே அக்கவுண்ட்ஸ் பிரிவு கொஞ்சம் சீக்கிரம் நகரும்.

ஏற்றிவிட்டேன். இரண்டு மாதமாக யாரும் உறுதிசெய்யவில்லை. பழையபடி இறக்கிவிடலாமா?

முதலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விசாரிப்பே வரவில்லை என்றால் அது கட்டணத்தால் அல்ல. தொகை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. புரட்டாசியாக இருக்கும், அல்லது நீங்கள் படங்களை எங்கும் போட்டு மாதங்கள் ஆகியிருக்கும். விசாரித்துவிட்டுத் தொகை கேட்டதும் போகிறார்கள் என்றால், மூன்று பேரிடம் நேராகவே கேளுங்கள்: "வேற இடத்துல முடிச்சுட்டீங்களா சார்? எங்களுக்குத் தெரிஞ்சுக்கலாம்னுதான்." பலர் மனம்விட்டுச் சொல்வார்கள். தொகைதான் காரணம் என்று மூவரும் சொன்னால், ஆல்பம் இல்லாத, முகூர்த்தம் மட்டும் உள்ள ஒரு சிறிய பேக்கேஜைப் பட்டியலில் சேருங்கள். முழு வேலையின் கட்டணம் அப்படியே இருக்கட்டும். பத்துப் பேர் விசாரித்தால் நாலைந்து பேர் உறுதிசெய்வது நல்ல நிலை என்பது என் அபிப்பிராயம்.

கட்டணம் ஏறியது, ஆனால் பாக்கிப் பணம் வந்து சேரமாட்டேன் என்கிறதே?

மண்டபம், சமையல், மேளம், பூ அலங்காரம் எல்லாருக்கும் கல்யாணத்தன்றே கணக்கு முடிந்துவிடும். ஆல்பம் பாக்கி இருப்பதால் போட்டோகிராபரை மட்டும் "அப்புறம் பார்ப்போம்" என்பார்கள். இதற்குத் தவணையை மாற்றி அமைப்பதுதான் வழி. 75,000 என்றால் புக்கிங்கின்போது 25,000, ரிசப்ஷன் அன்று காலை 40,000, ஆல்பம் கொடுக்கும்போது 10,000. ரிசப்ஷன் நாளிலேயே 65,000 கைக்கு வந்துவிட்டால், வெளியே போக வேண்டிய 41,000க்கு நீங்கள் கடன் வாங்க வேண்டியதில்லை. மண்டபத்தில் பெண்ணின் அப்பாவைத் தேடிப் போய்க் கேட்பதும் வேண்டாம். அன்று அவருக்கு ஆயிரம் வேலை. பணப் பொறுப்பு யாரிடம் என்று ஒரு வாரம் முன்பே கேட்டு, அவர் எண்ணுக்கு முந்தின நாள் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள்.

ஆல்பத்துக்கான படங்களை அவர்கள் தேர்ந்தெடுத்துத் தராமல் வருடக்கணக்கில் இழுப்பதும் உண்டு. படங்களை அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தேர்வு வராவிட்டால் அன்றைய அச்சு விலைதான் பொருந்தும் என்று புக்கிங் படிவத்தில் எழுதி, அட்வான்ஸ் வாங்கும்போதே அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள்.